பதின்மூன்று கூறுகள்

9,75,000 என்ற எண்ணை எடுத்துக்கொள்வோம். இறுதியில் மூன்று சுழியங்கள். நாள்தோறும் பிறப்பும் இறப்பும் நிகழும் மக்கட் கூட்டத்தைத் தலை தலையாக எண்ணியிருந்தால் கணக்கு இத்துணை வழுவழுப்பாக முடிந்திராது. வகுத்துப் பார்ப்போம்: அது 75,000இன் 13 மடங்கு.

1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் நாடற்றோராக்கிய மலையகத் தமிழரின் தொகையாக 1964 அக்டோபர் 30இல் சிறிமாவும் சாஸ்திரியும் ஒப்புக்கொண்டது இவ்வெண்ணைத்தான். ஏழு கூறு, அதாவது 5,25,000 பேர், இந்தியாவுக்கு. நான்கு கூறு, 3,00,000 பேர், இலங்கைக்கு. மிஞ்சிய இரு கூறும் 1974இல் ஆளுக்கொன்றாய்ப் பிரிந்தன. மீதியே இல்லாத வகுத்தல்!

ஏழுக்கும் நான்குக்கும் பொது வகுஎண் கிடையாது. கூட்டினால் வரும் பதினொன்றோ பகா எண். பங்கீட்டின் மிகச்சிறிய அலகு பதினொரு மனிதர். பிறக்கவிருந்த குழந்தைகளும் இவ்விகிதத்துள் அடக்கம். யட்டவத்தப் பகுதித் தோட்ட லயத்தில் ஒரு காம்பராவில் வாழ்ந்த தாய், தந்தை, மூன்று பிள்ளைகளை ஏழுக்கு நான்கென எவ்வாறு பிரிப்பது? கோப்பிக் காலத்தில் மன்னார்க் கரையிலிருந்து காட்டுவழி நடந்து மாத்தளை சேர்ந்தவர்களுள், வழியில் மாண்டோரை எந்த அரசும் இவ்வளவு சீராக எண்ணியதில்லை என்பதையும் நாம் மறத்தற்கில்லை.

விண்ணப்பங்கள் விகிதத்துக்கு அடங்கவில்லை. இந்தியாவுக்கென வகுத்த பங்கு நிரம்பவே இல்லை. இலங்கைக் குடியுரிமை கேட்டோரோ மூன்று இலட்சத்தை வெகுவாகக் கடந்தனர். 2003ஆம் ஆண்டுச் சட்டம் விகிதத்தைக் கைவிட்டது. 1964 அக்டோபர் 30 முதல் இலங்கையில் நிலையாக வாழ்ந்துவந்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்தம் வழித்தோன்றல்களுக்கும், தொகை குறிக்காமலே, அது குடியுரிமை தந்தது.