ஏதிலியரும் விரும்பிக் குடியேறியோரும்: ஈழத்தமிழர் புலப்பெயர்வை முன்வைத்து ஓர் ஒப்பாய்வு

ஆய்வுச் சுருக்கம்

பிறந்த நாட்டைவிட்டுப் பிறிதொரு நாட்டில் வாழ்வோரை ஏதிலியர், விரும்பிக் குடியேறியோர் என இரு பிரிவினராகப் பகுப்பது வழக்கம். இவ்விரு பிரிவினரும் புதிய நாட்டில் வேரூன்றும் முறை வேறுபடுகிறது. அதற்குப் புறப்பாட்டின் காரணம் மட்டுமன்றி, சென்றடைந்த நாடு வழங்கும் சட்டநிலையும் காரணமாகிறது. இதனைப் பிரித்தானியா, கனடா, தமிழகம் ஆகிய இடங்களில் ஈழத்தமிழர் குடியமர்ந்த முறைகளை ஒப்பிட்டு இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: ஏதிலியர், குடியேற்றம், குடியமர்வு, ஈழத்தமிழர், வதிவுரிமை, குடியுரிமை.

முன்னுரை

இனம், சமயம், நாட்டினம், குறிப்பிட்ட சமூகக்குழுவில் உறுப்பாண்மை, அரசியல் கருத்து ஆகியவற்றின் பொருட்டுத் துன்புறுத்தப்படுவோம் என்னும் தக்க காரணமுள்ள அச்சத்தால் தம் நாட்டிற்கு வெளியே இருப்பவரை ஏதிலியர் என 1951ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கை வரையறுக்கிறது. இவ்வரையறை புறப்பாட்டின் காரணத்தைச் சுட்டுகிறதேயன்றிப் பின்னைய வாழ்வைச் சுட்டுவதில்லை. அவ்வாழ்வை விளக்க முற்பட்டவர்களுள் எகான் குன்ஸ் குறிப்பிடத்தக்கவர். 1973இல் வெளியான தம் கட்டுரையில் அவர் ஏதிலியரை இருவகைப்படுத்தினார். வரவிருக்கும் கேட்டை முன்னுணர்ந்து, ஆயத்தத்துடன் புறப்படுவோர் ஒருவகையினர்; கேடு சூழ்ந்தபின், செல்லுமிடம் எதுவென்று தேரவும் இயலாது தப்பியோடுவோர் மற்றொரு வகையினர். முதல்வகையினர் புறத்தோற்றத்தில் விரும்பிக் குடியேறியோரை ஒத்திருப்பர் என்பது அவர் கருத்து.

புறப்பாட்டின் இருநிலைகள்

ஈழத்தமிழர் புலப்பெயர்வில் இவ்விரு நிலைகளையும் தெளிவாகக் காணலாம். 1956ஆம் ஆண்டின் தனிச் சிங்களச் சட்டமும், 1970களில் பல்கலைக்கழக அனுமதியில் நடைமுறைக்கு வந்த தரப்படுத்தலும் கற்ற தமிழரின் வேலைவாய்ப்பையும் உயர்கல்வியையும் சுருக்கின. அதனால் மருத்துவர், பொறியாளர், கணக்காளர், மாணவர் எனப் பலர் பிரித்தானியாவை நாடினர். அவர்கள் கடவுச்சீட்டுடனும் கல்விச் சான்றுகளுடனும், தாம் தேர்ந்த காலத்தில் சென்றனர். குடியேற்றப் பதிவேடுகளில் அவர்கள் விரும்பி வந்தோர். குன்ஸின் பகுப்பில் முன்னுணர்ந்து புறப்பட்டோர்.

1983 ஜூலை வன்முறைக்குப் பின் புறப்பட்டோர் நிலை வேறு. நிலத்தை விற்றும் நகையை அடகுவைத்தும் கடன்பட்டும் பயண முகவர்களுக்குப் பணம் கொடுத்தனர். கிழக்கு பெர்லினில் இறங்கி மேற்கு பெர்லினுக்குள் நுழைந்தோர் பலர். 1986 ஆகஸ்டில், மேற்கு ஜெர்மனியிலிருந்து கப்பலில் புறப்பட்ட 150க்கும் மேற்பட்ட தமிழர் நியூபவுண்ட்லாந்துக் கடலில் உயிர்காப்புப் படகுகளில் மிதந்த நிலையில் மீட்கப்பட்டனர். இவ்வாறு வந்தோர்க்கு முதற்கடமை கல்வியன்று. கடனடைத்தலும், எஞ்சிய குடும்பத்தினரை மீட்டலும், உடன்பிறந்தாள் திருமணமுமே முதற்கடமைகளாயின. உணவக அடுக்களையும் துப்புரவுப் பணியும் தொழிற்சாலையும் அவர்களது முதற்களங்கள். ஊரில் பெற்ற கல்வி அங்கே பெரும்பாலும் பயன்படவில்லை.

காலமும் முதலீடும்

தொடக்கத்தின் இத்தாழ்வு நிலைத்துவிடுகிறதா என்பது அடுத்த வினா. அமெரிக்காவிற்கு 1975 முதல் 1980 வரை வந்தோரைக் குறித்துக் கலேனா கோர்ட்டெஸ் 2004இல் வெளியிட்ட ஆய்வு இங்குப் பொருந்தும். 1980இல் ஏதிலியரின் ஆண்டு வருவாய், பொருளியல் நோக்கில் குடியேறியோரின் வருவாயைவிட 6 விழுக்காடு குறைந்திருந்தது. 1990இலோ 20 விழுக்காடு மிகுந்திருந்தது. ஆங்கிலத் திறனிலும் ஏதிலியரே விரைந்து முன்னேறினர். விரும்பி வந்தவருக்குத் திரும்பிச் செல்லும் வழி திறந்திருக்கிறது. ஏதிலிக்கு அவ்வழி அடைபட்டிருப்பதால், புதிய நாட்டின் மொழியிலும் கல்வியிலும் அவர் மிகுதியாக முதலிடுகிறார் என்பது அவர் தரும் விளக்கம்.

இவ்விளக்கத்தில் ஓர் உட்கிடையான நிபந்தனை உண்டு. புதிய நாட்டில் நிலைத்து வாழ்வோம் என்னும் உறுதி இருந்தால்தான் இம்முதலீடு நிகழும். கோர்ட்டெஸ் ஆராய்ந்த கியூப ஏதிலியருக்கு 1966ஆம் ஆண்டின் சட்டமே நிரந்தர வதிவுரிமைக்கு வழிசெய்திருந்தது. திரும்பும் வழி அடைபட்டு, நிலைக்கும் வழியும் அடைபடின் விளைவு என்ன?

சட்டநிலையின் பங்கு

இவ்வினாவிற்குக் கனடாவும் தமிழகமும் விடை தருகின்றன. கனடிய மண்ணில் இருந்து ஏதிலிநிலை கோருவோர்க்கும் வாய்மொழி விசாரணை பெறும் உரிமை உண்டு என 1985இல் சிங் வழக்கில் கனடிய உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. கோரிக்கை ஏற்கப்பட்டோர் நிரந்தர வதிவுரிமை பெறவும், குடும்பத்தினரை அழைத்துக்கொள்ளவும், பின்னர்க் குடியுரிமை பெறவும் வழியிருந்தது. ஏதிலியாக வந்தவரின் பெற்றோரும் துணைவியும் குடும்பவழிக் குடியேறியோராக வந்தமையால், ஒரே வீட்டிற்குள் இருபிரிவினரும் இணைந்தனர். மொழியாலும் தட்பவெப்பத்தாலும் பண்பாட்டாலும் முற்றிலும் அயலான மண்ணில் தமிழர் வீடும் வணிகமும் அரசியற் பிரதிநிதித்துவமும் பெற்றனர்.

தமிழகத்தில் மொழியும் வழிபாடும் உணவும் பொதுவானவை. ஆயினும் இந்தியா 1951 உடன்படிக்கையில் ஒப்பமிடவில்லை. உரிய ஆவணமின்றி நுழைந்தோரைச் சட்டவிரோதக் குடியேறிகளாகக் கொண்டு, பதிவு வழியாகவோ இயல்புரிமை வழியாகவோ அவர்கள் குடியுரிமை பெறுவதை 2003ஆம் ஆண்டின் திருத்தம் தடுக்கிறது. 2019ஆம் ஆண்டின் திருத்தம் ஆப்கானிஸ்தான், வங்காளதேசம், பாகிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளுக்கே விலக்களித்தது. இலங்கை அதில் இடம்பெறவில்லை. 1987 ஜூலை 1க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர் பிறப்பால் குடியுரிமை பெறுவர். அந்நாள் முதற்கொண்டு பிறந்தவர்க்குப் பெற்றோரில் ஒருவரேனும் இந்தியக் குடிமக்களாக இருத்தல் வேண்டும். ஆகவே, ஒரே முகாமில் பிறந்த அண்ணன் குடிமகனாகவும் தம்பி அயலானாகவும் அமையக்கூடும். தமிழக அரசு 2021இல் முகாம்களுக்கு மறுவாழ்வு முகாம் எனப் பெயர் மாற்றியது. எனினும் குடியுரிமை ஒன்றிய அரசின் அதிகாரத்திற்கு உட்பட்டது.

முடிவுரை

இவ்வொப்பீட்டால் மூன்று முடிவுகள் பெறப்படுகின்றன. முதலாவது, ஏதிலியர், விரும்பிக் குடியேறியோர் என்னும் பகுப்பு புறப்படும் கணத்திலேயே முழுமையாகப் பொருந்துவதில்லை. இரண்டாவது, ஏதிலியரின் தொடக்கத் தாழ்வு மாற்றவியலாததன்று. மூன்றாவது, அம்மாற்றத்திற்குப் பண்பாட்டு நெருக்கம் மட்டும் போதாது. நிலைத்து வாழும் உரிமை வேண்டும். பண்பாட்டுத் தொலைவு மிக்க கனடாவில் முழுமையுற்ற குடியமர்வு, தொலைவு மிகக் குறைந்த தமிழகத்தில் நாற்பது ஆண்டுகள் கடந்தும் முழுமையுறாமை இதற்குச் சான்றாகும். முகாமில் பிறந்து வளர்ந்து கல்வி முடித்த தலைமுறையை இன்னும் அயலாராகவே கருதும் சட்டநிலை, குடியமர்வு குறித்த எதிர்கால ஆய்வுகளின் மையமாதல் வேண்டும்.