இணைய விளையாட்டுவழிப் பணச்சலவைத் தடுப்பு

குற்றத்தில் வந்த பணத்தை விளையாட்டு நாணயமாகவோ மெய்நிகர்ப் பொருளாகவோ மாற்றி, விளையாடிச் சம்பாதித்ததுபோல வெளியே எடுப்பதே இணைய விளையாட்டுவழிப் பணச்சலவை. இதைக் கண்காணிக்கும் அமலாக்கத் துறையும், 2004இல் தொடங்கப்பட்ட நிதிப் புலனாய்வுப் பிரிவும் தில்லியைத் தலைமையிடமாகக் கொண்டவை.

2020 ஆகஸ்டில் அமலாக்கத் துறை தில்லி, குருகிராம், மும்பை உள்ளிட்ட நகரங்களில் 15 இடங்களைச் சோதனையிட்டு, நான்கு வங்கிக் கணக்குகளில் இருந்த 46.96 கோடி ரூபாயை முடக்கியது. சீனத் தொடர்புள்ள சூதாட்டத் தளங்கள் பற்றிய வழக்கு அது. பெயரளவு இந்திய இயக்குநர்களை வைத்து நிறுவனங்கள் பதியப்பட்டன. அவற்றின் பெயரில் இங்கே வங்கிக் கணக்கு திறந்து, அதை இணையத்தில் இயக்கும் கடவுச்சொல்லைக் கூரியரில் சீனாவுக்கு அனுப்பியதாகத் துறை தெரிவித்தது. டெலிகிராம் குழுக்களில் ஆள் சேர்த்தார்கள். தளங்களின் முகவரி மாறிக்கொண்டே இருந்தது. பணம் கட்டியவருக்கு அது விளையாட்டு. வங்கிக்கோ ஏதோ ஒரு நிறுவனத்தின் அன்றாட வரவு.

சட்டத்தின் ஓட்டை ஒரு சொல்லில் இருந்தது. பணச்சலவைத் தடுப்புச் சட்டம் (2002) 'அதிர்ஷ்ட விளையாட்டு' நடத்துவோரையே வாடிக்கையாளரை அடையாளம் காணவும், ஐயத்துக்குரிய பரிமாற்றத்தைத் தெரிவிக்கவும் கட்டாயப்படுத்தியது. ரம்மி நிறுவனங்கள் தங்களுடையது திறமை விளையாட்டு என்று வாதிட்டன. 2023 மார்ச் 7 அன்று மெய்நிகர் டிஜிட்டல் சொத்துச் சேவையாளர்கள் இச்சட்டத்துக்குள் கொண்டுவரப்பட்டதால், கிரிப்டோ வழியாகப் பணம் வெளியேறும் வாசலுக்காவது காவல் கிடைத்தது.

2025 ஆகஸ்ட் 22 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்ற இணைய விளையாட்டுச் சட்டம் திறமை, அதிர்ஷ்டம் என்ற பிரிவினையையே விட்டுவிட்டு, பணம் கட்டி ஆடும் விளையாட்டு முழுவதையும் தடை செய்தது. நடத்துவோருக்கு மூன்றாண்டு வரை சிறை, ஒரு கோடி ரூபாய் வரை அபராதம். பணப் பரிமாற்றத்துக்கு உதவும் வங்கிகளும் பொறுப்பேற்க வேண்டும். பந்தயப் பொருளின் வரையறையில் மெய்நிகர் நாணயமும் டோக்கனும் சேர்க்கப்பட்டிருப்பது இதன் நுட்பமான, வரவேற்க வேண்டிய பகுதி. சட்டத்தை எதிர்த்துத் தில்லி, கர்நாடகம், மத்தியப் பிரதேச உயர் நீதிமன்றங்களில் தொடரப்பட்ட வழக்குகளை உச்ச நீதிமன்றம் அதே ஆண்டு செப்டம்பரில் தன்னிடம் மாற்றிக்கொண்டது.

பந்தயமே இல்லாத விளையாட்டிலும் ஆபத்து உண்டு. 'கவுன்டர் ஸ்ட்ரைக்' விளையாட்டில் மெய்நிகர்ப் பரிசுப் பெட்டி திறக்கும் சாவிகளில், சந்தையில் கைமாறுபவை ஏறக்குறைய அனைத்தும் மோசடிப் பணத்தில் வாங்கியவை என்று கருதுவதாக அதை உருவாக்கிய வால்வ் நிறுவனம் 2019 அக்டோபரில் அறிவித்தது. புதிதாக வாங்கும் சாவிகளை மற்றவருக்கு விற்க முடியாதபடியும் செய்தது. இத்தகைய பொருள் விற்பனை, பணம் வைத்து ஆடுவதைத் தடுக்கும் இந்தியச் சட்டத்தின் மையத்தில் இல்லை.