ஒரே படகு, வேறு வேறு கரை

தொல்காப்பியத்தின் அகத்திணையியலில் ஒரு விதி இருக்கிறது. கடல் கடந்து செல்லும் பயணத்தில் தலைவன் தலைவியை உடன் அழைத்துச் செல்லும் வழக்கம் இல்லை என்பது அதற்குப் பரவலாகச் சொல்லப்படும் பொருள். உரையாசிரியர்களிடையே இது குறித்துக் கருத்து வேறுபாடு உண்டு. யாருடைய உரையை எடுத்துக்கொண்டாலும் தலைவி வீட்டில்தான் இருக்கிறாள்.

காப்பியங்களும் இந்த விதியை மறக்கவில்லை. மணிமேகலை கடல் கடக்கிறாள், ஆனால் படகில் அல்ல. முதல் முறை, உறங்கும்போது தெய்வம் அவளைத் தூக்கிச் சென்று மணிபல்லவத்தில் விடுகிறது. பிறகு வானில் செல்லும் மந்திரம் அவளுக்குக் கிடைக்கிறது. சாவகத்து அரசன் புண்ணியராசன் மணிபல்லவத்துக்குக் கப்பலில் வருகிறான். அவள் பறந்து வருகிறாள். ஒரு பெண்ணை வானத்தில் பறக்கவிடக் கூசாத கற்பனை, அவளைக் கலத்தில் ஏற்றத் தயங்கியது. அதே காப்பியத்தின் ஆதிரையோ, கணவன் ஏறிய கலம் உடைந்த செய்தி கேட்டுச் சுடுகாட்டில் தீ மூட்டுகிறாள்.

இன்னொரு முரணும் உண்டு. ஒலிம்பிக் பாய்மரப் போட்டியில் ஆணும் பெண்ணும் சேர்ந்து செலுத்தும் இரட்டை உடல் படகுக்குக் ‘காடமரான்’ என்று பெயர். அது நம் ‘கட்டுமரம்’. சோழமண்டலக் கரையில் மரங்களைச் சேர்த்துக் கட்டிய மிதவையைக் கண்ட வில்லியம் டாம்பியர், 1697ல் வெளியான தன் பயண நூலில் அந்தச் சொல்லை எழுதினார். சொல் உலகம் சுற்றி ஒலிம்பிக்வரை போய்விட்டது. கட்டுமரம் கடலுக்குப் போன ஊர்களில் மீன் விற்றவர்கள், கருவாடு காயவைத்தவர்கள், கடன் அடைத்தவர்கள் பெண்கள். மரத்தில் ஏறுவது மட்டும் பெரும்பாலும் அவர்களுக்கு விலக்காக இருந்தது.

இந்தப் பின்னணியோடு பார்த்தால்தான் 2021 ஏப்ரலில் ஓமானின் முசன்னாவில் நடந்தது எவ்வளவு பெரிய செய்தி என்று புரியும். சென்னையைச் சேர்ந்த நேத்ரா குமணன், டோக்கியோ ஒலிம்பிக்குக்கு அங்கே தகுதி பெற்றார். பாய்மரப் போட்டிக்கு இந்தியாவிலிருந்து தகுதி பெற்ற முதல் பெண் அவர். அதற்கு முன் இந்தப் போட்டியில் இந்தியாவுக்காக ஒலிம்பிக் சென்ற எல்லோரும் ஆண்கள். டோக்கியோவில் 35ஆம் இடம். 2024ல் பாரிஸில் 21ஆம் இடம். இவற்றுக்கு முன்பே 2020 ஜனவரியில் மயாமியில் நடந்த உலகக் கோப்பைப் போட்டியில் வெண்கலமும் வென்றார்.

அவர் செலுத்திய படகின் கதை நமக்கு முக்கியம். ஒருவரோ இருவரோ செலுத்தும், அடியில் எடைக்கட்டு இல்லாத சிறு பாய்மரப் படகுக்கு டிங்கி என்று பெயர். படகு கவிழாமல் இருக்க, செலுத்துபவர் தன் உடலை வெளியே சாய்த்துக் காற்றோடு மல்லுக்கட்ட வேண்டும். பந்தயப் படகுகள் ஒரு காலத்தில் பணப்பையின் பந்தயமாக இருந்தன. புதிதாக, வேகமாக ஒரு படகு செய்துகொள்ள முடிந்தவர் வென்றார். இதற்கு மாற்றாக 1887ல் டப்ளின் அருகே ‘வாட்டர் வேக்ஸ்’ என்ற சங்கம் தொடங்கியது. எல்லோருக்கும் ஒரே அளவு, ஒரே வடிவம். திறமை மட்டும் தீர்மானிக்கட்டும் என்றார்கள். ‘ஒன் டிசைன்’ என்னும் ஒரே வடிவப் படகுக் கொள்கையின் பிறப்பு இதுதான்.

அந்தக் கொள்கையின் மிகப் பெரிய வெற்றி லேசர். கனடாவில் பிறந்த புரூஸ் கிர்பி 1969ல் இதன் முதல் கோட்டோவியத்தை வரைந்தார். 1971ல் விற்பனைக்கு வந்தது. நாலே கால் மீட்டருக்குச் சற்றுக் குறைந்த நீளம், அறுபது கிலோவுக்குச் சற்றுக் குறைந்த எடை. கார் மேல் கட்டி எடுத்துப் போகலாம். ஒரே உடலுக்குப் பாயை மட்டும் மாற்றி மூன்று படகாக்கினார்கள். பெரிய பாய் ஏறக்குறைய 7 சதுர மீட்டர். நடுப் பாய் 5.76, சிறு பாய் 4.7. 2019ல் வணிகப் பெயரின் உரிமைத் தகராறால் போட்டிப் படகின் பெயர் ஐ.எல்.சி.ஏ. என்று மாறியது. ஒலிம்பிக்கில் ஆண்களுக்கு ஐ.எல்.சி.ஏ. 7, பெண்களுக்கு நடுப் பாய் கொண்ட ஐ.எல்.சி.ஏ. 6.

பெண்ணுக்குச் சின்னப் பாயா என்று கேட்கத் தோன்றும். எடை குறைந்த உடல் பெரிய பாயை அடக்கப் பலத்த காற்றில் வெகுவாகத் திணறும். எடைக்கேற்ற பாய் என்பதில் நியாயம் உண்டு. இங்கே அநியாயம் இருந்தது பாயின் அளவில் அல்ல, காலத்தில். 1900ல் பாரிஸ் ஒலிம்பிக்கில் எலன் தெ பூர்த்தலேஸ் பாய்மரப் போட்டியில் வென்ற குழுவில் இருந்தார். ஒலிம்பிக்கில் வென்ற முதல் பெண் அவரே. ஆனால் பெண்களுக்கென்று தனிப் போட்டி வந்தது 1988ல், சியோலில். நேத்ராவின் படகு வகை பெண்களுக்கான ஒலிம்பிக் படகானது 2008ல்தான். பாரிஸ் 2024ல் ஒருவழியாக 165 ஆண்கள், 165 பெண்கள் என்று சமமானது.

எண்ணிக்கை சமமாகிவிட்டது. படகும் ஒன்றுதான். பிறகு என்ன குறை?

இதைத் திருப்பூரில் இருப்பவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. ஒரே அளவு, ஒரே தையல், டஜன் டஜனாக ஒரே பனியன் என்பதுதான் எங்கள் ஊரின் தொழில். 1980களில் ஏற்றுமதி பெருகியபோது பெண்கள் கூட்டம் கூட்டமாகக் கம்பெனிகளுக்குள் வந்தார்கள். மெஷின் ஆளுக்கு ஆள் மாறவில்லை. ஆனால் கட்டிங் மேசை ஆணுக்கு, பிசிறு வெட்டுவதும் செக்கிங்கும் கைமடிப்பும் பெண்ணுக்கு என்று கோடு கிழிக்கப்பட்டது. கூலியும் அந்தக் கோட்டின்படியே பிரிந்தது. கருவி சமமாக இருப்பதால் அதை யார் தொடலாம் என்பது சமமாகிவிடாது.

ஒரே வடிவப் படகும் அப்படித்தான். பந்தயம் தொடங்கும் கோட்டுக்குப் பிறகு நடப்பதை அது சமமாக்கும். அந்தக் கோட்டுக்கு யார் வந்து சேர்வது என்பது அதன் கையில் இல்லை. ராயல் மெட்ராஸ் யாட் கிளப் 1911ல் துறைமுக அதிகாரி பிரான்சிஸ் ஸ்பிரிங் தொடங்கியது. சென்னையின் பாய்மர விளையாட்டு இப்படித் துரைமார் சங்கத்தில் முளைத்தது. படகு விலை லட்சங்களில், பயிற்சி வெளிநாட்டில். நேத்ராவே ஸ்பெயினின் கிரான் கனாரியா தீவில்தான் நெடுநாள் பயின்றார்.

இதற்கு மாற்று உண்டா? போபாலில் உண்டு. மத்தியப் பிரதேசத்தின் தேவாஸ் மாவட்டத்து விவசாயி மகள் நேஹா தாகூர், கடலே இல்லாத மாநிலத்தில், போபாலின் ஏரியில் படகு கற்றார். 2023ல் ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியில், சிறு பாய் கொண்ட ஐ.எல்.சி.ஏ. 4 பிரிவில் வெள்ளி வென்றார். இதைச் சாத்தியமாக்கியது பொதுப்பணத்தில் நடக்கும் பயிற்சிப் பள்ளி. படகு பள்ளியுடையது, அப்பாவின் சேமிப்பு அல்ல. ஹைதராபாத்தின் ஹுசேன் சாகரிலும் ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு கிளப் பாய்மரம் கற்றுத்தருகிறது. ஒலிம்பிக்கிலும் ஐ.எல்.சி.ஏ. படகுகளைப் போட்டி நடத்துபவர்கள்தான் தருகிறார்கள். யாரும் சொந்தப் படகில் ஏறுவதில்லை. உச்சியில் உள்ள அந்த வழக்கம் அடிவாரத்திலும் இருந்தால் போதும்.

வருங்காலத்தைப் பற்றிய கவலையும் இங்கேதான். பாரிஸில் நீருக்கடியில் இறக்கை வைத்து அலைமேல் எழும்பிப் பறக்கும் பலகைகளும், காற்றாடி இழுக்கும் பலகைகளும் வந்துவிட்டன. பார்க்க அழகு, வேகம் அதிகம். ஆனால் கருவி விரைந்து மாறும் இடத்தில் செலவும் விரைந்து ஏறும். பழைய பணப்பைப் பந்தயம் புது வேடத்தில் திரும்பலாம். ஐம்பது வயது தாண்டிய எளிய டிங்கி 2028 லாஸ் ஏஞ்சலிஸ் வரை நீடிக்கிறது. அதற்குப் பிறகு நீடிக்குமா என்பது தொலைக்காட்சிக்கு எது கவர்ச்சி என்ற கேள்வியாக மட்டும் சுருங்கக் கூடாது. எந்தப் படகைத் தேர்ந்தெடுத்தால் தேவாஸ் பெண் வர முடியும் என்பதும் அதே அளவு முக்கியமான கேள்வி.

எங்கள் பக்கத்துப் பெண்ணுக்கு இன்னொரு கேள்வி முந்திக்கொள்கிறது: தண்ணீர் எங்கே? நொய்யலின் குறுக்கே ஒரத்துப்பாளையம் அணை 1992ல் முடிந்தது. பாசனத்துக்காகக் கட்டியது சாயப்பட்டறைக் கழிவின் தேக்கமானது. அணையைத் திறக்க வேண்டாம் என்று விவசாயிகளே கெஞ்சும் நிலை வந்தது. 2011ல் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்ட பிறகே பெரிய மாற்றம் தொடங்கியது. போபாலின் ஏரி அந்த ஊருக்குக் குடிநீரும் தருகிறது. ஒரு நீர்நிலையை ஊர் எப்படி நடத்துகிறது என்பதில் அந்த ஊர்ப் பெண் என்னவாக முடியும் என்பதும் அடங்கியிருக்கிறது.

ஆகவே ஆற்றைக் கேட்பதும் படகைக் கேட்பதும் ஒரே கோரிக்கைதான். அரசுப் பள்ளிக்குச் சொந்தமான பத்துப் படகுகள், நீச்சல் கற்றுத்தர ஒரு பெண் பயிற்சியாளர், உடை மாற்ற ஓர் அறை, கையில் எடுத்தால் நிறம் ஒட்டாத நீர். பதினாறு வயதில் மில் விடுதிக்கு அனுப்பப்படும் பெண்ணுக்கு இவை ஆடம்பரமாகத் தோன்றலாம். அப்படித் தோன்றும்படி அவளை வளர்த்தது, கடற்பயணம் பெண்ணுக்கில்லை என்று எழுதிவைத்த அதே பழைய பழக்கம்.