துண்டு பிறந்த கதை

1869இல் பதுளைப் பக்கத்து மடுல்சீமைத் தோட்டங்களில் கோப்பி இலைகளை ஒரு பூஞ்சை நோய் பிடித்தது. அடுத்த இருபது ஆண்டுகளில் இலங்கையின் கோப்பித் தொழில் அழிந்து, பதுளையைச் சூழ்ந்த ஊவா மலைகளில் தேயிலை ஏறியது. கோப்பிக்குப் பழம் பறிக்கும் சில மாதங்கள்தான் ஆள் நிறைய வேண்டும். அது முடிந்ததும் பலர் தமிழ்நாட்டிலுள்ள தங்கள் ஊருக்குத் திரும்பினார்கள். தேயிலைக்கு ஆண்டு முழுக்கக் கொழுந்தெடுக்க வேண்டும். வந்தவர்களைப் போகவிடாமல் வைத்திருப்பது தோட்டங்களை நடத்திய துரைமாருக்கு அவசியமாயிற்று. அந்த அவசியத்தில் வளர்ந்ததுதான் 'துண்டு'.

அதற்கு முன்பே கடன் இருந்தது. ஊருக்கு வந்து ஆள் சேர்த்த கங்காணி முன்பணம் கொடுத்தார். கப்பல் கூலி, வழிச் சாப்பாடு, துணி எல்லாம் தொழிலாளியின் பேரில் ஏறின. முதல் நாள் பெரட்டுக்கு (காலை ஆள் கணக்கெடுப்புக்கு) நிற்கும்போதே அவர் கடனாளி. ஒரு மாதச் சம்பளத்தை, மாதம் முடிந்து 60 நாளுக்குள் கொடுத்தால் போதும் என்றது 1889ஆம் ஆண்டுச் சட்டம். அதுவரை தோட்டம் கொடுத்த அரிசியும் கணக்கில் கழிந்தது. சொல்லாமல் தோட்டத்தை விட்டுப் போனால் சிறை என்று 1865ஆம் ஆண்டுச் சட்டம் ஏற்கெனவே வேலி போட்டிருந்தது.

தன் ஆள்கட்டோடு (தொழிலாளர் குழுவோடு) வேறு தோட்டம் போக விரும்பிய கங்காணிக்குத் துரை ஒரு சிறு காகிதம் எழுதிக் கொடுப்பார்: இந்த ஆள்கட்டின் கடன் இவ்வளவு, அதைக் கட்டினால் விடுவிக்கிறேன். அதுதான் துண்டு. கங்காணி அதைத் தோட்டம் தோட்டமாகக் கொண்டுபோய்க் காட்டுவார். ஆள் தட்டுப்பாட்டில் தவித்த துரை, எழுதிய தொகைக்கு மேலும் தருவார். மேலதிகம் கங்காணியின் கைக்குப் போகும்; கடனோ ஆள்கட்டின் தலையில் ஏறும். ஒவ்வொரு இடமாற்றத்திலும் தொகை பெருத்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் றப்பர் தோட்டங்களும் ஆளுக்குப் போட்டியிட, அது இன்னும் வீங்கியது. யாரிடம் போகிறோம், என்ன தொகைக்குப் போகிறோம் என்று கொழுந்தெடுத்தவர்களை யாரும் கேட்கவில்லை.

காகிதம் மனிதரைக் காக்கவும் கூடும். இலங்கையை ஆண்ட இதே பிரித்தானியப் பேரரசின் கடற்படை, முன்பு பிரான்சுடன் நடந்த போர்களின் காலத்தில், போரில் சேராத அமெரிக்காவின் வணிகக் கப்பல்களை நடுக்கடலில் மறித்து மாலுமிகளைப் பிடித்துப் போனது. அதற்கு அஞ்சி அமெரிக்க மாலுமிகள் தங்கள் குடியுரிமையைச் சொல்லும் சான்றுத்தாளை 1796 முதல் கூடவே வைத்திருந்தார்கள். 1812இல் அமெரிக்கா போர் தொடுக்க அந்த ஆள்பிடிப்பும் ஒரு காரணம். மாலுமிக்காகப் பேச ஓர் அரசு இருந்தது. ஊவாவின் தொழிலாளிக்கு அப்படி எதுவும் இல்லை. அவரைப் பற்றிய காகிதமும் அவர் கையில் இல்லை.

அவருக்காகக் குரல் எழப் பல ஆண்டுகள் ஆயின. இலங்கைத் தமிழ்த் தலைவர் சர் பொன்னம்பலம் அருணாசலம் 1919இல் தொழிலாளர் நலனுக்கென ஒரு சங்கத்தை அமைத்து, துண்டையும் சிறைத் தண்டனையையும் எதிர்த்துப் போராடினார். இந்தியாவிலிருந்தும் நெருக்குதல் வந்தது. 1921ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டம் துண்டைத் தடை செய்தது.

துண்டு ஒழிந்தது, அதைப் பெற்ற வழக்கம் ஒழியவில்லை. முதல் சம்பளத்துக்கு முன்பே கடன், போக நினைத்தால் இன்னொருவர் அனுமதி: இந்த இரண்டும் சேர்ந்த இடத்தில் எல்லாம் துண்டு மறுபடி பிறக்கும். இன்று இலங்கை மலையகத்திலிருந்து வளைகுடா நாடுகளுக்கு வீட்டுவேலைக்குப் போகும் பெண்ணின் கடவுச்சீட்டை எசமானர் வாங்கி வைத்துக்கொண்டால், அதுவும் துண்டுதான். நூறு ஆண்டுகளுக்கு முன் சட்டம் போட்டுத் தடுத்ததை இன்று சும்மா பார்த்துக்கொண்டிருக்க நமக்கு உரிமை இல்லை.