கூண்டுக்கோழி வரலாறு

கோழி மக்களோடு கூடி வாழ்தல் மிகத் தொன்மையது. ஆயினும் ஒரு பெட்டைக்கோழி மண்ணை மிதியாமலும், குப்பையைச் சீய்க்காமலும், கம்பித் தளத்தின்மேல் நின்றவாறே முட்டையிடும் நாளெல்லாம் கழித்து மாயும் முறை தோன்றி ஏறத்தாழ நூறாண்டே ஆகின்றது. புலாலும் முட்டையும் விலக்கிய சைவர்க்கு இவ்வாராய்ச்சி எற்றுக்கு எனின், உண்பார் செயலை ஆராய்தல் ஈண்டுக் கருத்தன்று; வாயில்லா ஓருயிர்க்குத் துன்பம் யாது என்பதனை மேனாட்டார் எவ்வாறு படிப்படியாக உணர்ந்தனர் என்பதே கருத்தென்க.

வெயில் படாத கோழி எலும்பு மெலிந்து நலியும். 1920-ஆம் ஆண்டுகளில் வைட்டமின் டி என்னும் உயிர்ச்சத்தின் இயல்பு புலப்பட்டது. மீனெண்ணெய் கலந்த தீனி அக்குறையை நீக்கும் என்றறிந்த பின்னர், ஆண்டு முழுதும் கோழியைக் கூரையின்கீழ் அடைத்து வைத்தல் இயல்வதாயிற்று. அதன்பின் அடுக்குக் கூண்டுகள் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் பரவலாயின. கூண்டின் தளம் கம்பி வலை. முட்டை தானே உருண்டு முன்னே வருமாறு சாய்வுடையது. எச்சம் வலைவழியே கீழே வீழும். எச்சத்தை மிதியாமையால் குடற்புழு முதலிய நோய்கள் குறைந்தன என்பதும், எக்கோழி முட்டையிடவில்லை என்பது எளிதிற் புலப்பட்டது என்பதும் மறுக்கத்தக்கன அல்ல. கூண்டை ஆக்கியோர் கொடுமையை விரும்பி ஆக்கினாரல்லர். செலவைக் குறைக்கவே முயன்றனர்.

இங்கிலாந்தில் போர்க்காலத் தீனிக் கட்டுப்பாடு 1953-இல் நீங்கியபின் இம்முறை விரைந்து பெருகிற்று. அந்நாட்டின் 1911-ஆம் ஆண்டுச் சட்டம் விலங்கை அடித்தல், உதைத்தல், மிகைச்சுமை ஏற்றல் முதலியவற்றைக் குற்றமென விதித்தது. கூண்டிலோ அடிப்பாரும் இல்லை, உதைப்பாரும் இல்லை. ஆகலின் சட்டத்தின் கண்ணுக்கு அங்கே குற்றம் ஒன்றுமில்லை. இந்நிலையை மாற்றியவர் ரூத் ஹாரிசன் என்னும் அம்மையார். 1961-இல் தம் இல்லத்திற்கு வந்த ஒரு துண்டு வெளியீட்டைப் படித்து, பண்ணைகளை ஆராய்ந்து, 1964-இல் 'அனிமல் மெஷின்ஸ்' என்னும் நூலை வெளியிட்டனர். 'விலங்குப் பொறிகள்' என்பது அப்பெயரின் பொருள். அமெரிக்க அறிஞர் ரேச்சல் கார்சன் அம்மையார் அதற்கு முன்னுரை வரைந்தனர். நூல் எழுப்பிய கிளர்ச்சியால் அரசாங்கம் விலங்கியற் பேராசிரியர் பிராம்பெல் என்பாரைத் தலைவராகக் கொண்ட ஒரு குழுவை அவ்வாண்டே அமைத்தது.

அக்குழுவின்முன் நின்ற வாதம் தருக்க நூல் பயின்றார்க்குச் சுவை தருவது. "கோழி துன்புறுமாயின் முட்டையிடாது, கூண்டிலுள்ள கோழி முட்டையிடுகின்றது, ஆதலின் அது துன்புறவில்லை" என்பது கூண்டுடையார் கூற்று. இஃது ஏதுப்போலியேயாம். முட்டையிடுதல் இனத்தையும், விளக்கொளியையும், தீனியையும் பற்றி நிகழ்வது. காட்டுக்கோழி ஓராண்டில் இடுவன பத்துப் பன்னிரண்டு முட்டைகளே. மக்கள் தெரிந்து பெருக்கிய இனமோ 300 வரை இடும். ஓர் ஓட்டிற்கு ஏறத்தாழ 2 கிராம் சுண்ணச்சத்து வேண்டும். தீனியிற் போதாதது எலும்பினின்று எடுக்கப்படும். அசைவற்ற கூண்டில் எலும்பு இன்னும் மெலியும். எலும்பு முறிந்த கோழியும் முட்டையிடுகின்றது. பிராம்பெல் குழு 1965-இல் தந்த அறிக்கையில் அவ்வேதுவைத் தள்ளியது. எழுதல், படுத்தல், திரும்புதல், தன் உடலைக் கோதுதல், உறுப்பை நீட்டுதல் என்னும் இவ்வைந்தும் தடையின்றிச் செய்ய எவ்விலங்கிற்கும் இடம் வேண்டும் என்றது. அடியாமை போதாது, அடைத்தலும் துன்பமே என்பது அரசாங்க ஏட்டில் ஏறியது இங்ஙனமே.

எனினும் அறிஞரும் தம் கண்ணாலேயே கோழிக்கு இன்பதுன்பம் வகுத்தனர் என்பதற்கு ஒரு நிகழ்ச்சி சான்று. மெல்லிய அறுகோணக் கம்பி வலை காலுக்கு ஆகாது, தடித்த கம்பியே நன்று என அக்குழு கருதியது. 1973-இல் ஹியூஸ், பிளாக் என்னும் இருவர் இருவகைத் தளங்களையும் கோழியின்முன் வைத்தனர். கோழி விரும்பி நின்றது மெல்லிய வலையின்மேல்! அதன்பின் கோழியையே வினவும் ஆராய்ச்சி வளர்ந்தது. முட்டையிடும் வேளை நெருங்கிய பெட்டை, மறைவான கூட்டை அடையத் தடைகளையும் தள்ளிச் செல்லும் எனக் கண்டனர். புழுதியே இல்லாத கூண்டிலும், வெறுங்கம்பியின்மேற் படுத்துச் சிறகை அடித்துப் புழுதியாடுவது போலவே கோழி ஆடும் என்பதனையும் கண்டனர். உயிர்க்குத் தனு, கரணம், புவனம், போகம் என நான்கு கூறும் சித்தாந்திகட்கு இக்காட்சி எளிதில் விளங்கும். உடலும் கருவியும் வேட்கையும் உள; அவை இயங்கற்குரிய இடம் பறிக்கப்பட்டது.

சட்டங்கள் மெல்லவே நடந்தன. சுவிட்சர்லாந்து 1981-இல் நடைமுறைக்கு வந்த சட்டத்தால் பத்தாண்டுத் தவணை கொடுத்துக் கூண்டை ஒழித்தது. ஐரோப்பியக் கூட்டமைப்பு 1986-இல் ஒரு கோழிக்கு 450 சதுர செண்டிமீட்டர் என வரையறுத்தது. இது சாண் நீளமும் சாண் அகலமும் உடைய இடத்தினும் குறைவு. 1999-ஆம் ஆண்டு ஆணை, 2012 ஜனவரி 1 முதல் வெறுங்கூண்டை முற்றும் விலக்கியது. கூண்டே வேண்டுவார் கோழிக்கு 750 சதுர செண்டிமீட்டரும், முட்டையிடக் கூடும், ஏறியிருக்கக் கோலும், கிளறப் பரப்பும் தருதல் வேண்டும். பன்னிரண்டாண்டுத் தவணை பெற்றும் இத்தாலியும் கிரீசும் குறித்த நாளில் நிறைவேற்றாது 2014-இல் ஐரோப்பிய வழக்குமன்றத்தால் தவறுடையன எனத் தீர்ப்புப் பெற்றன.

நம் நாட்டில் 1960-ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆம் பிரிவு, அசைதற்குப் போதிய உயரமும் நீளமும் அகலமும் இல்லாத கூண்டில் எவ்விலங்கையும் அடைத்தல் குற்றமென்கின்றது. பிராம்பெல் அறிக்கைக்கு ஐந்தாண்டு முற்பட்டது அது! ஆயினும் நாமக்கல் முதலிய இடங்களில் முட்டைப் பண்ணைகள் கூண்டு முறையிலேயே பெருகின. 2017-இல் இந்தியச் சட்ட ஆணையம் தன் 269-ஆம் அறிக்கையில் இம்முரணை எடுத்துக்கொண்டு, முட்டைக்கோழிகளை வைத்துக் காத்தற்குரிய விதிகளின் வரைவையும் உடன் சேர்த்து அரசாங்கத்திற்கு அளித்தது.