மரத்தைத் தேடி வந்த ரம்பம்



மண்ணூர்பேட்டை வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் வாசலில் கிடக்கும் பெஞ்சைத் தடவிப் பார்த்து, "எந்தக் கடையில் வாங்கினீங்க சார்?" என்று கேட்கிறீர்கள். வாங்கவில்லை. கொல்லையில் நின்ற நம் வேப்பமரம்தான் அது. 2016 டிசம்பர் 12, வர்தா புயலில் சாய்ந்தது.

வகுப்பில் பாடம் எடுத்த பழக்கம் போகவில்லை. கொஞ்சம் சரித்திரம் சொல்கிறேன்.

ஒரு காலத்தில் ரம்பம்தான் மரத்தைத் தேடி வந்தது. குழி வெட்டியோ, முட்டுக் கொடுத்துத் தூக்கியோ மரத்தைக் கிடத்துவார்கள். மேலே ஒருவர், கீழே ஒருவர். நீள ரம்பத்தை மேலும் கீழும் இழுத்துப் பலகையாக அறுப்பார்கள். என் பெரியப்பா கீழே நின்றவர். நாள் முழுக்க மரத்தூள் முகத்தில் கொட்டும். அவர் கண் சிவக்காமல் நான் பார்த்ததே இல்லை.

1856-ல் ராயபுரத்திலிருந்து நம் அம்பத்தூர், ஆவடி வழியாக வாலாஜா ரோடுக்கு ரயில் ஓடியது. ஒரு மைல் தண்டவாளத்துக்கு 1,760 முதல் 2,000 கட்டைகள் வேண்டும். 1850களில் சென்னை மாகாணத்தில் மட்டும் இதற்காக ஆண்டுக்கு 35,000 மரங்கள் விழுந்தன. அந்தக் கட்டைகளுக்குப் பின்னால் பெரியப்பா போன்றவர்களின் கைகள் இருந்தன. எந்தப் பாடப்புத்தகத்திலும் அவர்கள் பெயர் இல்லை.

பிறகு சாமில் வந்தது. மரம் லாரி ஏறி ரம்பத்தைத் தேடிப் போனது. குழிகள் மூடின. கூடலூர்க் காடுகளைக் காக்க கோதவர்மன் திருமுல்பாடு தொடுத்த வழக்கில், 1996-ல் உச்ச நீதிமன்றம் செயல்திட்டம் இல்லாமல் எந்தக் காட்டிலும் மரம் வெட்டக் கூடாது என்றது. காட்டுக்குள் இருந்த மில்களையும் நிறுத்தச் சொன்னது. அந்த உத்தரவின் தேதியும் டிசம்பர் 12 தான். சரியாக இருபது வருஷம் கழித்து அதே நாளில் நம் மரம் விழுந்தது.

நம் சந்தில் லாரி நுழையாது. பயத்தில் பாதி மரத்தை விறகுக்குக் கொடுத்துவிட்டேன். அது இன்றும் உறுத்துகிறது. மீதி அடிமரத்துக்கு ஒரு பையன் செயின் ரம்பத்தோடு வந்தான். மறுபடியும் ரம்பம் மரத்தைத் தேடி வந்தது!

அந்தச் சங்கிலிப் பல்லுக்கும் கதை உண்டு. 1946-ல் அமெரிக்காவின் ஆரிகனில் ஜோசப் காக்ஸ் என்பவர், ஒரு வண்டுப் புழு இடமும் வலமுமாக மரத்தைத் தின்பதைக் கண்டு அதேபோல் பல் அமைத்தார். குறுக்கே வெட்டும் சங்கிலியின் பல்லை 30 டிகிரியில் தீட்டுவார்கள். நீளவாக்கில் பலகை அறுக்க 10 டிகிரி போதும். முதல் அறுப்புக்கு நேரான சட்டம் ஒன்றை மேலே அடித்து, அதை ஒட்டியே ஓட்ட வேண்டும். ஒவ்வொரு அறுப்பிலும் கால் அங்குலத்துக்கு மேல் தூளாகப் போகும். மில்லில் அவ்வளவு போகாது. ஆனால் மரம் வீட்டோடு இருக்கிறதே!

இரண்டு அங்குலப் பலகைகள். இடையில் ரீப்பர் கட்டை வைத்து, முனையில் பெயின்ட் பூசி, நிழலில் இரண்டு வருஷம் காய வைத்தேன். அங்குலத்துக்கு ஒரு வருஷம் என்பது பழைய கணக்கு.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். அந்தப் பையன் வெறுங்கண்ணோடு வந்திருந்தான். ரம்பத்தைக் கீழே வைக்கச் சொல்லி, ஹார்டுவேர் கடைக்குப் போய்க் கண்ணாடி வாங்கி வந்தேன். "பழகிப்போச்சு சார்" என்று சிரித்தான். பெரியப்பாவும் அதையேதான் சொல்வார். போட்ட பிறகுதான் ரம்பத்தைத் தொட விட்டேன்.

நிற்கிற மரத்தில் கை வைக்காதீர்கள். விழுந்ததை உடனே விறகாக்காதீர்கள். அறுக்க வருகிறவரின் கண்ணை முதலில் பாருங்கள்.

உங்கள் குடும்பத்தில் ரம்பம் இழுத்தவர்கள் யாராவது இருந்தால், அவர்கள் பெயரைக் கீழே எழுதுங்கள். இங்கேயாவது இருக்கட்டும்.