ஏழையின் சீட்டுக்கட்டு

சீட்டாட்டத்தின் பேரில் நம் பெரியவர்களுக்கு நல்ல அபிப்பிராயம் இருந்ததில்லை. வீடு போயிற்று, நஞ்சை போயிற்று, கடைசியில் மனைவியின் கழுத்தில் கிடந்ததும் போயிற்று என்று முடிகிற கதை ஊருக்கு ஒன்று உண்டு. ஆனாலும் சீட்டுக்கட்டுக்கு ஒரு நற்குணம் இருப்பதை மறுக்க முடியாது. அது ஆள் பார்த்து நடப்பதில்லை. ஜமீன்தார் கைக்கு வரும் ஆஸும், எதிரே உட்கார்ந்திருக்கும் கணக்குப்பிள்ளையின் கைக்கு வரும் ஆஸும் ஒரே மதிப்புள்ளவை. ஐம்பத்திரண்டு சீட்டும் இருவருக்கும் பொது. பணயம் வைப்பதற்குத்தான் பணம் வேண்டுமே தவிர, ஆடுவதற்கு வேண்டியதில்லை.

இந்தப் பழைய சமத்துவத்தை 1993-ஆம் ஆண்டில் ஒரு புது ஆட்டம் குலைத்துவிட்டது. அதன் பெயர் 'மாஜிக்: தி கேதரிங்'. அதை உருவாக்கியவர் ரிச்சர்ட் கார்பீல்டு என்ற அமெரிக்கக் கணித அறிஞர். வெளியிட்டது 'விஸர்ட்ஸ் ஆப் தி கோஸ்ட்' என்ற கம்பெனி. இரண்டு மந்திரவாதிகள் மோதுவதாகப் பாவனை. ஆளுக்கு இருபது உயிர்ப் புள்ளிகள். எதிராளியின் புள்ளிகளைத் தீர்த்தவன் ஜெயித்தான். இதில் புதுமை என்னவென்றால், பொதுவான சீட்டுக்கட்டு என்பதே கிடையாது. அவரவர் விலை கொடுத்து வாங்கிச் சேர்த்த சீட்டுகளிலிருந்து அவரவர் கட்டைத் தயார் செய்துகொண்டு வரவேண்டும்.

சீட்டுகளோ உறையில் ஒட்டி விற்கப்பட்டன. ஓர் உறைக்குள் பதினைந்து சீட்டு. அவற்றில் பதினொன்று சாதாரணம், மூன்று நடுத்தரம், ஒன்றே ஒன்று அபூர்வம். உள்ளே என்ன இருக்கிறதென்று பிரித்த பிறகுதான் தெரியும். மற்ற விளையாட்டுச் சாமான்களுக்குச் செலவிடும் அளவுக்குத்தான் ஜனங்கள் இதற்கும் செலவிடுவார்கள், ஒரு நண்பர் கூட்டத்தில் அபூர்வச் சீட்டுகள் ஆளுக்கொன்றாகச் சிதறிக் கிடக்கும் என்று கார்பீல்டு கணக்குப் போட்டார். கணிதத்தில் தேர்ந்தவர்தான், ஆனால் மனிதனுடைய ஆசையைக் கணக்கில் சேர்க்கத் தவறிவிட்டார். முதலில் அச்சிட்ட 26 லட்சம் சீட்டுகளும் வெகு விரைவில் தீர்ந்துபோயின. ஒரு பெட்டி வாங்கியவன் பத்துப் பெட்டி வாங்கினான். 'கருந்தாமரை' என்று பொருள்படும் பெயர் கொண்ட ஓர் அபூர்வச் சீட்டு, 2021-ஆம் ஆண்டு ஜனவரியில் 5,11,100 டாலருக்கு ஏலம் போயிற்று. உள்ளங்கை அகலம்கூட இல்லாத அட்டைத் துண்டு அது!

விலை குறைவதற்கு ஒரு வழி இருந்தது. பழைய சீட்டுகளை மறுபடி அச்சிட்டால் போதும். 1995-இல் கம்பெனி அவ்விதம் செய்து பார்த்தது. சேர்த்து வைத்திருந்தவர்கள், "எங்கள் சொத்தின் மதிப்பு போய்விட்டதே!" என்று கூக்குரலிட்டார்கள். ஆகவே 1996-இல், குறிப்பிட்ட சில சீட்டுகளை இனி ஒருபோதும் அச்சிடமாட்டோம் என்று கம்பெனி வாக்குக் கொடுத்துவிட்டது. வைத்திருப்பவனுக்கு அது நிம்மதி. இல்லாதவனுக்கோ வாசற்கதவை உட்புறம் தாழிட்ட சப்தம்.

வெளியே நின்றவர்கள் என்ன செய்தார்கள்? கதவைத் தட்டிக்கொண்டு நிற்கவில்லை. திண்ணையிலேயே உட்கார்ந்து ஆடத் தொடங்கிவிட்டார்கள். உறைக்குப் பதினொன்றாகக் கிடைக்கும் சாதாரணச் சீட்டுகளை மட்டுமே வைத்து ஆடுவது என்று தங்களுக்குள் விதி செய்துகொண்டார்கள். அதற்கு 'பாப்பர்' என்று பெயர். நம் நாட்டுக் கோர்ட்டுகளிலும் இந்தச் சொல் புழங்கியதுண்டு. கட்டணம் கட்ட வகையற்றவன் போடும் வழக்கைப் பாப்பர் வழக்கு என்றார்கள். 1976-இல்தான் சட்டத்தில் அந்தச் சொல்லை மாற்றினார்கள். பிறர் சூட்டினால் சுடுகிற அந்தப் பெயரை இந்த ஆட்டக்காரர்கள் மனமுவந்து சூடிக்கொண்டார்கள்.

2002-இல் இந்த ஆட்டம் கம்ப்யூட்டருக்கும் வந்தது. அங்கே ஆட்டக்காரர்கள் தாங்களாகவே பாப்பர் போட்டிகள் நடத்தினார்கள். கூட்டம் பெருகியதைப் பார்த்து, 2008 டிசம்பரில் கம்பெனி கம்ப்யூட்டர் ஆட்டத்துக்கு மட்டும் அங்கீகாரம் அளித்தது. பழைய அபூர்வங்கள் செல்லுபடியாகும் பந்தயத்தில் ஒரு கட்டுக்கு ஆயிரக்கணக்கான டாலர் வேண்டும். பாப்பர் கட்டுகளில் பெரும்பாலானவற்றை நூறு டாலருக்குள் சேர்த்துவிடலாம். ஆட்டமும் சோடை போகவில்லை. ஒரே அடியில் எதிராளியின் மூன்று புள்ளிகளைப் பறிக்கும் 'மின்னல்' சீட்டு 1993-இலேயே சாதாரண வகைதான். பிரும்மாண்டமான ஆயுதங்கள் இல்லாத இடத்தில், எதை எப்போது இறக்குவது என்ற நிதானமே வெற்றியைத் தீர்மானிக்கிறது.

கதையை இங்கேயே சுபமாக முடித்துவிடலாம், ஆனால் முடியவில்லை. சாதாரணம் வேறு, மலிவு வேறு என்று விரைவில் தெரியவந்தது. 1993-இல் அரபுக் கதைகளைத் தழுவி வந்த வெளியீட்டில், பாதாளச் சிறையைக் குறிக்கும் 'ஊப்ளியெட்' என்ற சீட்டு இருந்தது. வகையில் அது சாதாரணம். ஆனால் பழைய பதிப்பு, அச்சானதோ கொஞ்சம். ஏழைகள் எல்லோரும் அதைத் தேடவே விலை விஷம்போல் ஏறிற்று. 2020-இல் காகிதத்தில் மறுபடி அச்சிட்ட பிறகுதான் அந்தச் சிறையிலிருந்து ஆட்டக்காரர்களுக்கு விடுதலை கிடைத்தது.

எது சாதாரணம் என்பதிலும் தகராறு. காகிதத்தில் சாதாரணமாக அச்சான சீட்டு கம்ப்யூட்டரில் வேறு வகையாக இருந்தது. கடைக்குக் கடை சட்டம் வேறுபட்டது. 2019 ஜூனில் கம்பெனி இரண்டையும் ஒன்றாக்கி, எங்கேயாவது ஒரு முறை சாதாரணமாக வெளிவந்திருந்தால் செல்லும் என்று தீர்ப்பளித்தது. மிதமிஞ்சிய பலமுள்ள மூன்று பழைய சீட்டுகளை மட்டும் அப்போதே விலக்கிவைத்தது. 2022 ஜனவரியில், எதை விலக்குவது என்று முடிவு செய்ய ஒரு குழு அமைந்தது. கம்பெனி ஊழியர் ஒருவர். இத்தாலி, பிரேஸில், ஜப்பான் முதலிய நாடுகளைச் சேர்ந்த ஆட்டக்காரர்கள் ஆறு பேர். திண்ணையில் உட்கார்ந்தவர்களுக்கு உள்ளே நாற்காலி போட்டார்கள் என்று சொல்லலாம்.

இதையும்விடக் கண்டிப்பான ஏற்பாடு ஒன்று 2016-இல் தோன்றியது. கம்ப்யூட்டர் ஆட்டத்தில் ஏறக்குறைய இரண்டு சென்டுக்கு மேல் விலை போகாத சீட்டுகள் மட்டுமே அதில் செல்லும். விலை ஏறினால், அடுத்த கணக்கெடுப்பில் அந்தச் சீட்டுக்கு இடமில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஒரு பென்னிக்கு விற்ற திகில் தொடர்கதைகளின் பெயரையே, 'பென்னி டிரெட்புல்' என்று, அதற்கு வைத்தார்கள். கதை எழுதிப் பிழைப்பவன் என்ற முறையில் எனக்கு இதில் தனி மகிழ்ச்சி.

நல்ல பொருளை எல்லோரும் விரும்புவார்கள். விரும்பினால் விலை ஏறும். அந்த வழக்கத்தை எந்த விதியாலும் அடியோடு ஒழித்துவிட முடியாது. ஆனால் எதிரே உட்காருகிறவனும் தன் பணப்பையை வாசலிலேயே விட்டுவிட்டு வரச் சம்மதித்தால், கொஞ்ச நேரமாவது புத்தியும் புத்தியும் மோதலாம். ஜமீன்தாரும் கணக்குப்பிள்ளையும் ஒரே கட்டைப் பிரித்து ஆடியபோது அது தானாகவே கிடைத்தது. இவர்கள் அதை விதி எழுதி, வாதாடி, காவல் காத்துப் பெறவேண்டியிருக்கிறது.